குழாய் மூக்கில்தான் இருந்தது

கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா, புளி பட்டால் சேலையில் கறை போகாது. அந்தச் சாக்கை விரித்துக்கொள்ளுங்க. என்னால் கையை எடுக்க முடியாது, தப்பாக நினைக்காதீங்க. பொழுது சாய வண்டி வந்து நிற்கும், அதற்குள் இந்தக் குவியலுக்குக் கொட்டை எடுத்து முடிக்கணும். ஓட்டை உடைத்து, நாரை உருவி, இப்படிக் கீறிக் கொட்டையைத் தள்ளிவிட்டால் ஆச்சு. கை பாட்டுக்கு அது வேலையைப் பார்க்கும். எனக்கும் கையில் வேலை இருந்தால்தான் பேச வரும். சும்மா உட்கார்ந்து ஆள் முகத்தைப் பார்த்துப் பேசு என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். வாத்தியார் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பார் என்ற பயத்திலேயே அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் வேறே வேறே காரணம் சொல்வாங்க. அதுதான் நிசம்.

உங்க தங்கச்சிக்கும் கணையத்தில் வீக்கம் என்றுதானே சொன்னீங்க? மூக்கில் குழாய் போட வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாளா? பாவம். திருப்பத்தான் தோணும். அந்தக் குழாயோடு கிடந்த ஒருத்தி பிழைத்து வந்து புளி உடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று போய்ச் சொன்னால் அவளுக்குத் தெம்பாக இருக்கும், அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. சொல்றேன். ஆனால் மெதுவாகத்தான் சொல்வேன். அத்தை உள்ளே பிள்ளையை அணைத்துப் படுத்துத் தூங்குறாங்க. நான் சொல்லப் போவதில் ஒரு சங்கதி என் மாமியாருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

அப்போது என் மகள் குப்புற விழப் பழகியிருந்த நேரம். ஒரு நாள் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு ஊற்றி நன்றாகச் சாப்பிட்டேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளாச்சே, வயிறு நிறைந்தாலும் அத்தை விடமாட்டாங்க. சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் மேல்வயிற்றில் ஒரு பிடி பிடித்தது. வாய்வு என்று அத்தை பூண்டைச் சுட்டுக் கொடுத்தாங்க. பூண்டு போன வேகத்தில் திரும்பி வந்தது. வலி முதுகைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் போனது. பிரசவ வலியைப் பார்த்தவள்தான் நான். அது விட்டு விட்டு வரும், மூச்சு வாங்கிக்கொள்ள இடம் கொடுக்கும். இதுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளவட்ட டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். என் வீட்டுக்காரரை இல்லைக்கா, என்னை. நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தைக்கு வந்ததே கோபம். எங்கள் வீட்டில் குடிக்கிறதுக்கு ஆம்பளைகள் இருக்காங்க, பொம்பளைகளை அந்த வேலைக்கு நாங்க அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் குட்டியானை, அதான் சின்னச் சரக்கு வண்டி, ஓட்டுகிறவர். டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அப்புறம் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் சொன்னாங்க, பித்தப்பையில் கல். பிள்ளை பெற்றவர்களுக்கு அது சேருவது உண்டாம். அதில் ஒரு பொடிக்கல் நழுவிப் போய்க் கணையத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டதாம். கணையத்தில் சுரக்கிற நீர் வெளியே வர வழியில்லாமல் கணையத்தையே அரிக்க ஆரம்பித்துவிட்டதாம். நமக்கு ஈரல் தெரியும், குடல் தெரியும், சுவரொட்டி என்கிற மண்ணீரல் கூடத் தெரியும். கறிக்கடையில் தொங்குவதைப் பார்த்திருக்கிறோம். கணையத்தை எந்தக் கடையிலும் தொங்கவிட்டு நான் பார்த்ததில்லை. அத்தையும் பார்த்ததில்லை. கண்ணால் பார்க்காத சாமானுக்கு எப்படி வியாதி வரும் என்பதுதான் அத்தை கேட்ட முதல் கேள்வி.

கைக்குழந்தையை அந்த வார்டுக்குள் விடமாட்டாங்க. பிள்ளையை என் அம்மா தன் ஊருக்குத் தூக்கிப் போய்விட்டது. புட்டிப்பால் கொடுத்துப் பார்த்துக்கொண்டது. அம்மா என்னைப் பார்த்தாலே அழும், அதனால் ஆஸ்பத்திரிக்கு அத்தைதான். உள்ளதைச் சொல்றேன் அக்கா, செத்துப்போவோம் என்ற பயம் கூட எனக்கு அவ்வளவு இல்லை. பிள்ளை என் மாரை மறந்துவிடும் என்பதுதான் பயம். புட்டியில் உறிஞ்சுவது சுலபம். அந்த ருசிக்குப் பழகிவிட்டால், நான் வீட்டுக்குப் போய் நிற்கும்போது யார் இந்தப் பொம்பளை என்று என்னைப் பார்க்கும். நினைத்தாலே வயிற்று வலி பின்னுக்குப் போய்விடும். ராவும் பகலும் எனக்கு அது ஒன்றுதான். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், பிள்ளை மறப்பதற்குள் போகணும்.

ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில் வாயில் பச்சைத் தண்ணி கூடப் படக் கூடாது என்றாங்க. கையில் குளுக்கோஸ் மட்டும். பிறகு பெண் டாக்டர் ஒருத்தர் வந்து, இனி மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சாப்பாடு கொடுக்கப் போகிறோம் என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து சொன்னார். குடலுக்கு வேலை கொடுக்காமல் ரொம்ப நாள் சும்மா போட்டால் அது மெலிந்துபோகுமாம். அதுக்குள் இருக்கிற கிருமி சுவரைத் தாண்டிப் போய்ப் புண்ணான கணையத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். கணையத்தைத் தொந்தரவு பண்ணாமல் அதைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சாப்பாட்டை இறக்கிவிட்டால், குடலும் வேலை செய்யும், நீயும் தேறுவாய், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தை ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. மூக்கு என்ன, காது வழியாக விடுகிறேன் என்றாலும் காதைக் காட்டியிருப்பேன்.

குழாய் போடும்போது என்ன செய்யும் என்று உங்க தங்கச்சி கேட்பாள். மறைக்காமல் சொல்லிவிடுங்க. கண்ணில் தண்ணி வரும், ஓங்கரிக்கும். சிஸ்டர் முழுங்கு முழுங்கு என்பாங்க, ஒன்றுமே இல்லாததை முழுங்கிக்கொண்டே இருக்கணும். ஒரு இடத்தில் தொண்டையில் கயிறு இறங்குகிற மாதிரி இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் போச்சு. அப்புறம் மூக்கில் பிளாஸ்திரி. மறுநாளே அது இருப்பது பாதி மறந்துவிடும்.

இப்போதுதான் சங்கதிக்கு வர்றேன். குழாயின் நுனி சரியான இடத்தில் போய் நிற்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் வரைக்கும் பேச வேண்டாம், அசைய வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னாங்க. அத்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாங்க. படம் எடுத்தாச்சு, நுனி சரியாக இருக்கிறது, இனிப் பேசலாம்மா என்று சிஸ்டர் சொன்னபோது அத்தை காப்பி வாங்கக் கீழே போயிருந்தாங்க. காப்பியோடு வந்து, இன்னமும் பேசக் கூடாதா என்று என்னையே கேட்டாங்க. பேசக் கூடாதவளைப் போய்க் கேட்டால் என்ன பதில் வரும்? நான் பேசாமல் கிடந்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்க. பொய் சொல்வதற்கு வாயைத் திறக்கணுமே.

முதலில் அன்றைக்கு ஒரு பொழுதுக்கு என்றுதான் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அத்தை அடுத்ததை ஆரம்பிச்சுட்டாங்க. மூக்கால் சாப்பிட்ட ஆள் எங்கள் வம்சத்திலேயே கிடையாது, இது ஆகாது, மலையடிவாரத்தில் வயிற்றுக்கு வேர் கொடுக்கிறவர் ஒருத்தர் இருக்கார், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப் போவோம் என்றாங்க. எங்க வீட்டுக்காரர் அம்மா சொன்னால் அம்மா சொன்னதுதான். கீழே போய் ஆட்டோவை நிறுத்திவிட்டு, மேலே வந்து பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

அத்தை என் தலைமாட்டில் வந்து நின்னாங்க. "எந்திரி அழகு. சோறுன்னா வாய் வழியாப் போகணும். வா, வீட்டுக்குப் போவோம்."

என் பேர் அழகேஸ்வரி. எல்லாருக்கும் அழகுதான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை எது சொன்னாலும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான். சரிங்கத்தை. உப்புக் கூட என்றாலும் சரிங்கத்தை, உப்பு இல்லை என்றாலும் சரிங்கத்தை. அன்றைக்கும் நாக்கு அதுக்குத்தான் தயாராக இருந்தது. நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நான்தான் பேச முடியாதவளாச்சே. அதனால் தலையால் பதில் சொல்லவேண்டியதாகிவிட்டது. தலைக்குச் சரிங்கத்தை சொல்லிப் பழக்கமில்லை. அது பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிவிட்டது.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்தாங்க, கம்பியைப் பார்த்தாங்க, மறுபடியும் என்னைப் பார்த்தாங்க. அப்படி ஒரு பார்வையை நான் அதுக்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு மகன் பக்கம் திரும்பி, ஆட்டோவை அனுப்பிவிடச் சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்துட்டாங்க. சாயங்காலம் எங்கேயோ போய்க் கறுப்புக் கயிறு மந்திரிச்சு வாங்கி வந்து என் கையில் கட்டினாங்க. எனக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று பயந்துட்டாங்க போல. வேறென்ன நினைக்க முடியும்? நான் வேண்டாம் என்று சொல்லி அத்தை பார்த்ததே இல்லையே.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன் அக்கா, குழாய் இருக்கிற வரைக்கும் எனக்குப் பேச்சு வராது.

சாப்பாடு என்றால் என்ன தெரியுமா? மாவு மாதிரி ஒன்றைக் கரைத்துப் பையில் ஊற்றிக் குளுக்கோஸ் கம்பியில் மாட்டிவிடுவாங்க. தலைமாட்டை உயர்த்திவைத்துவிட்டுச் சொட்டுச் சொட்டாக விடுவாங்க. முடிந்ததும் தண்ணி விட்டுக் குழாயைக் கழுவுவாங்க. அத்தை ஒரு நாள் அந்த மாவில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, உப்பில்லை, உறைப்பில்லை, இதைக் கோழிக்குஞ்சு கூடத் தின்னாது என்று சிஸ்டரிடம் சண்டைக்குப் போயிட்டாங்க. ஒரு சிட்டிகை உப்பாவது போடுங்க என்று ஒரே பிடிவாதம். நாக்குக்குப் போகாத சோற்றுக்கு உப்பு எதுக்கும்மா என்று சிஸ்டர் கேட்டதுக்கு, மரியாதைக்கு என்றாங்க.

எனக்குப் பசி வயிற்றில் இல்லை, நாக்கில்தான். அதைத் தூண்டிவிட ஊரே வந்தது. ஆஸ்பத்திரிக்கு யாரும் வெறுங்கையோடு வரமாட்டாங்களே. இட்லி வரும், மீன் வறுவல் வரும், எலும்புச் சூப்பு தூக்குச்சட்டியில் வரும். திருப்பி அனுப்பினால் மனசு சங்கடப்படும். அதனால் வந்ததையெல்லாம் வந்தவங்க முன்னாலேயே அத்தை சாப்பிட்டாங்க. சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விவரம் வேறே. இந்த மீனுக்கு மிளகு தூக்கல் அழகு, இந்தச் சூப்பில் எலும்பு கிழட்டு எலும்பு என்று. ஒருத்தர் சாப்பிட்டாலும் குடும்பம் சாப்பிட்ட மாதிரிதான் என்றாங்க. நான் இளைக்க இளைக்க அத்தைக்கு ரவிக்கை இறுக்கிப் பிடித்துவிட்டது. பக்கத்துக் கட்டில் லூர்தம்மா, ஏங்க்கா, குழாய் உங்க மருமகளுக்குப் போட்டிருக்கா, உங்களுக்குப் போட்டிருக்கா என்று கேட்டே விட்டது.

அந்த லூர்தம்மா நல்ல மனுஷி. குடல் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தது. அத்தைக்கும் அதுக்கும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. நான்தான் ஊமையாச்சே, அத்தை பேசுவதெல்லாம் லூர்தம்மாவோடுதான். அதுவும் சத்தமாக. எனக்கும் அதுக்கும் நடுவில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, லூர்தம்மாவைப் பார்த்துப் பேசுவாங்க, ஆனால் வார்டு முழுக்கக் கேட்கும். என்னைப் பற்றித்தான். இவள் வந்தப்புறம்தான் என் வீட்டில் சட்டியில் குழம்பு மிஞ்சுவதில்லை, இவள் வைக்கிற ரசத்தை நான் முப்பது வருஷமாக வைக்கப் பார்க்கிறேன், எனக்கு வரவில்லை என்றாங்க. அக்கா, அந்த ரசத்துக்கு என்னிடம் தினமும் ஒரு குறை சொன்னவங்க. ஒரு தடவை கூட நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடப்பேன். பாவம், எனக்குப் பேச்சு இல்லை என்றதும் காதும் இல்லை என்று நினைச்சுட்டாங்க. வெள்ளந்தி மனசு.

நான் முழுக்கவும் ஊமையாகக் கிடந்தேன் என்று நினைக்காதீங்க. மத்தியானம் அத்தை தரையில் பாயை விரித்துப் படுத்துக் குறட்டை விடுவாங்க. அப்போது மருந்து போட வருகிற மலர்க்கொடி சிஸ்டரிடம் ரகசியமாகப் பேசிக்கொள்வேன். அந்தச் சிஸ்டருக்கு மட்டும் தெரியும். சிரித்துவிட்டு, உன் இஷ்டம் என்று விட்டுட்டாங்க. இதில் ஒரு அதிசயம் என்னவென்றால், நான் பேச ஆரம்பித்ததும் அத்தையின் குறட்டை நின்றுபோகும். பேசி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கிளம்பும். குறட்டை கூட நின்றுபோகிற அளவுக்கு அசந்த தூக்கம். உடம்பு அலுப்பு அப்படி.

சிஸ்டரிடம் நான் கேட்பது பிள்ளையைப் பற்றித்தான். பால் வற்றிவிடுமா சிஸ்டர் என்று கேட்பேன். மருந்து ஏறுகிற வரைக்கும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், ஆனால் தினமும் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இரு, எடுக்க எடுக்கத்தான் ஊறும் என்றாங்க. எடுப்பேன். ஒரு டம்ளரில் அடி மட்டத்துக்கு வரும். அதைக் கழுவுகிற தொட்டியில் கொட்டப் போனேன். அத்தை கையைப் பிடிச்சுட்டாங்க. தாய்ப்பாலைக் கால் படுகிற இடத்திலும் எறும்பு மொய்க்கிற இடத்திலும் ஊற்றக் கூடாது, ஊற்றினால் மார் வற்றிவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம். அத்தை டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு படி இறங்கிப் போய், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற புங்கமரத்துக்கு ஊற்றிவிட்டு வருவாங்க. தினமும். மூட்டுவலிக்காரங்க. வாட்ச்மேன் ஒரு நாள் மறித்து, மரத்துக்கு என்னம்மா ஊற்றுறே, மாந்திரீகமா என்று கேட்டாராம். ஆமா, ரொம்பக் கேட்டால் உனக்கும் ஒரு சொட்டு வைப்பேன் என்று சொல்லிட்டு வந்தாங்க.

எங்க வீட்டுக்காரர் கதைதான் பெரிய கதை. வீட்டில் தனியாகக் கிடந்தார். அடுப்பு அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். சிஸ்டருக்குப் போன் போட்டு என் காதில் வைக்கச் சொல்வார். நீதான் பேச முடியாதே, சரி என்றால் நகத்தால் ஒரு தட்டு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்பார். சரி என்று நானும் தட்டுவேன். துவரம்பருப்பு டப்பா மேல் தட்டில் இருக்கா, கீழ்த் தட்டில் இருக்கா என்பார். அதுக்கு எத்தனை தட்டுவது? விட்டுவிடுவேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வலிக்குதா என்பார். அதுக்கு ரெண்டு தட்டு. ஒரு நாள் அத்தை அந்தப் போனைப் பிடுங்கி, "படுத்திருக்கிறவளைப் பருப்பு எங்கேன்னு கேக்குற. பருப்பைத் தேடத் தெரியாதவனுக்குப் பொண்டாட்டி எதுக்குடா" என்று வைச்சுட்டாங்க. அதோடு போன் நின்றது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தட்டிப் பழகிவிட்டேனே.

இன்னொரு நாள் என் பெரிய நாத்தனார் வந்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அக்கா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் ஒரு தலையணை கிடக்கிற மாதிரி என் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அத்தையிடம் பேச ஆரம்பிச்சாங்க. இது தேறுகிற உடம்பாகத் தெரியவில்லை, பிள்ளை பொட்டைப்பிள்ளை, யார் வளர்ப்பது, தம்பிக்கு வயசு இருக்கு, நாளைக்கு ஒன்று என்றால் யோசித்து வைத்திருப்பது தப்பில்லை என்று. என் கால் விரல் எல்லாம் மடங்கிப்போனது. வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். திறக்கவில்லை. வெட்கம்தான்.

அத்தை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாங்க. தோலை முழுசாக உரித்துக் காகிதத்தில் வைத்துவிட்டு, நிமிராமலே சொன்னாங்க. "குழாய் அவ மூக்குலதான் போட்டிருக்கு. காதுல போடல. எந்திரிச்சுப் போ."

மகள் என்று கூடப் பார்க்கவில்லை. நாத்தனார் கொண்டுவந்த பொங்கலையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிட்டாங்க. அத்தை சாப்பிடாமல் திரும்பிப் போன ஒரே சாப்பாடு அதுதான்.

அன்றைக்கு மத்தியானம் குறட்டை கேட்டதும் நான் சிஸ்டரிடம் அழுதுவிட்டேன். பிள்ளையை ஒரு தடவை கண்ணில் பார்த்தால் போதும், அது என்னை மறந்திருக்கும், நான் போவதற்குள் அது வேறே யாருக்கோ பிள்ளையாகிவிடும் என்று என்னென்னவோ சொன்னேன். அவங்க பெரிய டாக்டரிடம் கேட்டு வந்தாங்க. ஆகாத மருந்தையெல்லாம் நிறுத்தியாச்சு, வார்டுக்குள் கூடாது, வராந்தாவில் வேண்டுமானால் பிள்ளையைக் காட்டலாம், பாலும் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னாராம். ஆனால் தூக்கிவரச் சொல்லி யார் சொல்வது? நான் ஊமையாச்சே. அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். பார்த்தால், சாயங்காலம் அத்தையே, யாரும் கேட்காமல், என் அம்மாவுக்குப் போன் போட்டு, நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்று சொல்லிட்டாங்க. சில நேரம் அத்தைக்கு அப்படி ஒரு யோசனை தானாக வந்து விழும்.

மறுநாள் சாப்பாட்டுப் பையைக் கழற்றிக் குழாயின் வாயை மூடி, காதுக்குப் பின்னால் சுற்றி ஒட்டிவிட்டாங்க. மெதுவாக நடந்து வராந்தாவுக்குப் போனேன். அம்மா இடுப்பில் பிள்ளை. கன்னம் உப்பி, நான் விட்டு வந்ததை விட நிறமாக இருந்தது. புட்டிப்பால் ஒத்துக்கொண்டுவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. அதுவே எனக்குப் பாதி உயிர் போன மாதிரி. கையை நீட்டினேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. மூக்கில் பிளாஸ்திரி, அதிலிருந்து ஒரு குழாய், கண்ணு உள்ளே போய்க் கிடக்கிறது. உதட்டைப் பிதுக்கியது. அப்புறம் எடுத்த ஓலம் இருக்கே, கீழே டோக்கன் கொடுக்கிற இடம் வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா கையிலிருந்து எட்டி அத்தை தோளைக் கட்டிக்கொண்டது. வாங்கி மாரில் வைத்தேன், முதுகை வில்லாக வளைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. உங்க தங்கச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள் என்றீங்களே, அதே மாதிரி.

என் முகம் அதுக்குத் தெரியவில்லை. என் வாசனையும் மருந்து வாசனையாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான், குரல். வீட்டில் நான் வாய் நிறையப் பேசுகிற ஒரே ஆள் என் மகள்தானே. அவளுக்கு என் பேச்சு நன்றாகத் தெரியும். ஆனால் அத்தை நிற்கிறாங்க, அம்மா நிற்கிறது, பையைத் தூக்கிக்கொண்டு எங்க வீட்டுக்காரர் நிற்கிறார். பேசினால் இத்தனை நாள் நடந்தது அத்தனையும் வெளிச்சமாகிவிடும். பிள்ளை ஏங்கி ஏங்கி அழுகிறது. பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சுண்டு. இங்க பாருடி. மூஞ்சிதான் மாறிப்போச்சு. அம்மா மாறல."

குரல் கரகரத்துப்போய்த்தான் வந்தது. பிள்ளை அழுகையைப் பாதியில் நிறுத்தியது. மேல்மாடியில் யாரோ கூப்பிடுகிற மாதிரி காதைக் கொடுத்துக் கேட்டது. இன்னும் ரெண்டு வார்த்தை பேசினேன், வீட்டில் பேசுகிற அதே கிறுக்குப் பேச்சு. கண்ணில் தண்ணி நிற்க நிற்க என் பக்கம் சாய்ந்தது. மடியில் போட்டதும் முகத்தை உள்ளே வைத்துத் தேடியது. பிடித்தது. பிடித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கி மூக்கில் தொங்குகிற குழாயையும் பிடித்து இழுக்கப் போனது. அத்தை பாய்ந்து அந்தக் கையை அமுக்கிட்டாங்க.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றது. எங்க வீட்டுக்காரர் பையைக் கீழே போட்டுவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அத்தை என்ன சொல்லப் போறாங்களோ என்று பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அத்தை பிள்ளையின் விரலைக் குழாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே சொன்னாங்க. "பேசுறது பேசு. குழாயைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பேசு."

அவ்வளவுதான். அதிர்ச்சியில் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிட்டாங்க. கறுப்புக் கயிறு வேலை செய்து எனக்குத் திடீரென்று பேச்சு வந்துவிட்டது என்று நினைத்திருப்பாங்க. நானும் அப்படியே விட்டுவிட்டேன். லூர்தம்மா மட்டும் அன்றைக்கு முழுக்கப் போர்வைக்குள் சிரித்துக்கொண்டே கிடந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அதுக்கப்புறம் உடம்பு வேகமாகத் தேறியது. முதலில் ஒரு மடக்குத் தண்ணி கொடுத்துப் பார்த்தாங்க, வலி வரவில்லை. பிறகு கஞ்சித்தண்ணி, குழைந்த சோறு. வாயால் வேண்டிய அளவுக்குச் சாப்பிட முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் குழாயை எடுத்தாங்க. எடுப்பது ஒன்றுமே இல்லை, நூல் உருவுகிற மாதிரி வந்துவிட்டது. பித்தப்பையையும் கல்லோடு சேர்த்து எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆனால் பிள்ளை உடனே முழுசாக வந்துவிடவில்லை, அதையும் சொல்லணும். பகலில் புட்டிதான் வேணும் என்று அடம் பிடித்தது. தூக்கக் கலக்கத்தில் மட்டும் என்னைத் தேடும். அத்தை புட்டியைத் தொலைத்துவிட்டாங்க. எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை என்று வீடெல்லாம் தேடினாங்க. பிள்ளை ஒரு நாள் அழுதது, ரெண்டாம் நாள் அழுதது, அப்புறம் வேறே வழியில்லாமல் என்னிடமே வந்தது.

எனக்கும் பழைய வாய்தான் திரும்பி வந்தது அக்கா. வீட்டு வாசலில் கால் வைத்ததும் அத்தை, பார்த்து ஏறு என்றாங்க. சரிங்கத்தை என்றேன். தலை ஆட்டுகிற பழக்கம் எல்லாம் ஆஸ்பத்திரியோடு போச்சு.

ஒரே ஒரு கவலை. அத்தைக்கு மறதி வந்துவிட்டது போலிருக்கு. போன மாசம் சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனோம். எனக்குக் கொழுப்பு அதிகம் சேரக் கூடாது. அங்கே என் பெரிய நாத்தனார் இலையில் கொழுப்புக்கறியாக அள்ளி வைத்துக்கொண்டே இருந்தாங்க. சாப்பிடு, சாப்பிடு என்று வேறே. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறியை எடுத்து வாய் பக்கம் கொண்டுபோய்விட்டேன். எதிர் வரிசையிலிருந்து அத்தை சத்தம் போட்டாங்க, அவளுக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை, பேச்சு வராது, அவளிடம் ஒன்றும் கேட்காதீங்க என்று. பந்தியே திரும்பிப் பார்த்தது. குழாய் எடுத்து எத்தனை காலமாச்சு, காலையில்தான் அத்தையோடு வண்டியில் வளவளவென்று பேசிக்கொண்டு வந்தேன், அதையே மறந்துட்டாங்க பாருங்க. நான் என்ன செய்வது, பெரியவங்க சொன்னதைப் பொய்யாக்கக் கூடாதே என்று தலையை மட்டும் ஆட்டினேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நாத்தனார் கறியை எடுத்துக்கொண்டு போயிட்டாங்க.

அதனால் உங்க தங்கச்சிகிட்ட நான் சொன்னேன் என்று சொல்லுங்க. குழாய்க்குப் பயப்பட வேண்டாம். அது சோற்றுக்கு மட்டும் இல்லை, இன்னும் எத்தனையோ காரியத்துக்கு ஆகும். முக்கியமாக அவளுடைய மாமியார் பக்கத்தில் இருக்கும்போது…

கேட்டுதா? பிள்ளை முழிச்சிருச்சு. அத்தைதான் கூப்பிடுறாங்க, பாலுக்கு அழுகிறதாம், அவங்ககிட்ட நிற்கமாட்டேங்குதாம், அம்மா அம்மான்னு வாசலையே காட்டுதாம். இதோ வந்துட்டேங்கத்தை. இருங்கக்கா, கையைக் கழுவிட்டு ஓடி வர்றேன், இல்ல, நீங்க பஸ்ஸைப் பிடிக்கணும், இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க, படம் எடுத்து முடிச்சதும் சிஸ்டர் வந்து இனிப் பேசலாம்னு சொல்லுவாங்க பாருங்க, அந்த நேரம் பார்த்து அவ மாமியாரை எப்படியாவது காப்பி வாங்க